மோட்டார் வண்டியின் மறைநோய்

மனிதர்க்கு வரும் நோய்களுள் விட்டுவிட்டு வரும் காய்ச்சலே மருத்துவரைப் பெரிதும் மயக்குவது என்பர். மருத்துவர்முன் அமர்ந்திருக்கும் வேளையில் நோயாளியின் உடம்பு குளிர்ந்திருக்கும். வீடு திரும்பியதும் நடுக்கம் தொடங்கும். பழைய மோட்டார் வண்டிகளுக்கும் இத்தகைய நோய் ஒன்று உண்டு. காலையில் சாவியைத் திருப்பிய அளவில் எஞ்சின் இயங்கும். நண்பகலில் கடைத்தெருவில் நிறுத்திவிட்டு வந்து மீண்டும் திருப்பினால் இயங்காது. மெக்கானிக்கை அழைத்து வந்தாலோ, அவர் கைபட்டதும் ஒன்றும் அறியாததுபோல் கிளம்பிவிடும். அவர் நகைத்துவிட்டுப் போவார். மறுநாளும் அதே கதை. முற்றும் கெட்ட வண்டியைத் திருத்துதல் எளிது. ஒருகால் கெட்டும் ஒருகால் நன்றாயும் இருக்கும் வண்டியைத் திருத்துவதே அரிது. அதனை ஆராயும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவி, மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1950-களின் பிற்பகுதி தொடங்கி 2014-ஆம் ஆண்டு மே மாதம் வரை இதனைச் செய்து வந்தனர். அமைச்சரும் இதில் சென்றனர்; கலியாணக் கூட்டத்தாரும் சென்றனர். ஆக்கம் நின்ற பின்னும் பழைய வண்டிகள் சில இன்றும் ஓடுகின்றன. அதன் பழைய பெட்ரோல் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. இதனுள் கணிப்பொறி எதுவும் இல்லை. கம்பி, சுருள், குழாய், திருகு ஆகிய யாவற்றையும் கண்ணால் காணலாம்; கையால் தொடலாம். கற்பவருக்கு இது பெரிய வசதி.

எந்த எஞ்சினும் தன் முதற்சுற்றைத் தானே சுற்றிக்கொள்வதில்லை. முற்காலத்தில் வண்டியின் முகப்பில் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுவர். சிற்சில சமயம் எஞ்சின் எதிர்த்து உதைக்கும். அதனால் மணிக்கட்டு முறிந்தோர் பலர். அமெரிக்க நாட்டு ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரத்துப் பொறிஞர் சார்லஸ் கெட்டரிங் என்பார் மின்விசையால் சுழற்றும் அமைப்பை ஆக்கினார். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் அஃது இடம்பெற்றது. நம்மவர் அதனைச் 'செல்ஃப்' என்று சுருக்கி வழங்குவர். பழைய அம்பாசிடர் வண்டிகளில் செல்ஃபும் இருந்தது. அது கைவிட்டால் உதவுதற்குக் கைப்பிடியும் இருந்தது. கைப்பிடியைப் பற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் இளையோர்க்கு முதலில் சொல்லிக் கொடுப்பர். உதைத்தாலும் கைப்பிடி விரலை முறிக்காமல் நழுவிப்போகும்.

"வண்டி கிளம்பவில்லை" என்பது ஒரு தொடரே. ஆயினும் அதற்குப் பொருள் இரண்டு. செல்ஃப் சுற்றவில்லை என்பது ஒன்று. செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பற்றவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வேறு வேறு நோய்கள். வேறு வேறு இடத்தில் தோன்றுவன. இவ்வேறுபாட்டைக் கேட்டறியாமல் பானெட்டைத் திறப்பவர் பொருளும் பொழுதும் வீணாக்குவர்.

முதலில் சுற்றாத வகையைப் பார்ப்போம். இதற்குப் பாட்டரியே காரணம் என்று பலரும் கருதுவர். பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. முழு நிறைவுடன் ஓய்ந்திருக்கும்போது அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 12.6 வோல்ட் இருக்கும். 12 வோல்ட்டை ஒட்டி இறங்கிவிட்டால் அது பசித்திருக்கிறது என்று கொள்ளலாம். அது நன்றாயிருந்தும் செல்ஃப் சுற்றாமல் போவதுண்டு. காரணம் என்ன? ஒரு சிறு கணக்கால் அது விளங்கும். பாட்டரியின் முனையில் வெண்மையும் பசுமையுமான பொடி பூத்து, அங்கே 0.02 ஓம் தடை ஏற்பட்டது என்று வைத்துக்கொள்வோம். இரு முகப்பு விளக்குகளும் எரிய ஏறத்தாழ 8 ஆம்பியர் மின்னோட்டம் போதும். அப்போது அத்தடையில் இழக்கப்படுவது 0.16 வோல்ட். விளக்கின் ஒளியில் அது தெரியவே தெரியாது. செல்ஃப் சுற்றுவதற்கோ 150 ஆம்பியர் போலத் தேவைப்படும். அப்பொழுது அதே தடை 3 வோல்ட்டை விழுங்கிவிடும். "விளக்கு நன்றாக எரிகிறதே, பின் ஏன் செல்ஃப் சுற்றவில்லை?" என்று வியப்பவர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

விளக்கைக் கொண்டே ஒரு சோதனையும் செய்யலாம். விளக்கை ஏற்றிவிட்டு, ஒருவர் செல்ஃபை இயக்க, மற்றொருவர் விளக்கை நோக்குக. செல்ஃப் சுற்றாமல் விளக்கு முற்றும் அவிந்துபோனால் பாட்டரி முனையின் பிடிப்புத் தளர்ந்துள்ளது. விளக்கு மிக மங்கினால் பாட்டரி சோர்ந்துள்ளது. அல்லது செல்ஃபின் பல்சக்கரம் சிக்கிக்கொண்டுள்ளது. விளக்குச் சிறிதும் மங்காமல் எரிந்தால் மின்னோட்டம் செல்ஃபுக்குச் செல்லவே இல்லை. சுவிட்சையோ செல்ஃபின் உள்ளிருக்கும் கரித்துண்டுகளையோ ஐயுறுதல் வேண்டும். கரித்துண்டு தேய்ந்த செல்ஃபை மரப்பிடியால் மெல்லத் தட்டினால் சுற்றுவதுண்டு. அவ்வாறு சுற்றுவது நோயின் அடையாளமே; மருந்தன்று.

எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பரோ மின்சாரத்தைக் கடத்தாது. எனவே எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்க எர்த் பட்டை ஒன்று உண்டு. எண்ணெயும் அழுக்கும் படிந்து கிடக்கும் அப்பட்டையை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் திருகு துருவேறித் தளர்ந்தால், மின்னோட்டம் வேறு வழி தேடி, சோக் கம்பி வழியாகவோ ஆக்சிலரேட்டர் கம்பி வழியாகவோ திரும்ப முயலும். செல்ஃபை இயக்கியபின் சோக் கம்பி சுடுகிறது என்று ஒருவர் சொன்னால், வேறு ஆராய்ச்சி வேண்டுவதில்லை. எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்துப் பளபளப்பாக்கி முடுக்குக.

வியப்பூட்டும் காரணம் இன்னொன்று. நான்கு சிலிண்டர் எஞ்சினை நிறுத்தும்போது, உள்ளே அழுத்தப்படும் காற்று தடுப்பதால், அது பெரும்பாலும் இரண்டு நிலைகளுள் ஒன்றிலேயே வந்து நிற்கும். ஆகவே செல்ஃபின் சிறு பல்சக்கரம் ஆண்டாண்டாகப் பெருஞ்சக்கரத்தின் இரண்டு இடங்களிலேயே வந்து மோதும். அவ்விரண்டு இடங்களில் மட்டும் பற்கள் தேயும். அங்கே நின்றுவிட்ட நாளில் செல்ஃப் 'கர்ர்' என்று வெறுமனே சுழலும், அல்லது சிக்கிக்கொள்ளும். வேறிடத்தில் நின்ற நாளில் ஒரு குறையும் தெரியாது. சுவிட்சை அணைத்து, மேல் கியரில் போட்டு, வண்டியைச் சிறிது முன்னும் பின்னும் அசைத்துவிட்டால் பல் இடம் மாறி அன்றைக்குக் கிளம்பிவிடும். இதனை அறியாதார் வண்டிக்கு நல்ல நாளும் தீய நாளும் உண்டு என்று நம்பிவிடுகின்றனர்.

இனி இரண்டாம் வகை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சினோ பற்றவில்லை. பற்றுதற்கு வேண்டுவன, காற்றோடு அளவாகக் கலந்த பெட்ரோல் ஆவியும், உரிய நொடியில் தோன்றும் தீப்பொறியும் ஆம். சிலிண்டருள் நல்ல அழுத்தமும் வேண்டும். அது குறைந்தால் வண்டி நாள்தோறும் தொல்லை தருமேயன்றி விட்டுவிட்டுத் தராது. ஆதலின் அதனை ஈண்டு விடுகின்றோம். பொறி இல்லையா, பெட்ரோல் இல்லையா என்பதே கேள்வி.

இங்கு நம் பழைய அளவை நூலார் துணைக்கு வருவர். மணிமேகலையில் கருதல் அளவையை மூன்றாகப் பகுத்துச் சொல்லுமிடத்தில், விளைவைக் கண்டு காரணத்தைத் துணிதலை 'எச்சம்' என்று குறிப்பர். ஆற்றில் வெள்ளம் கண்டு தலைமலையில் மழை பெய்தது என்று கருதுதல் அதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் காவிரியில் வெள்ளம் வருவதற்கு மழையும் காரணமாகலாம். மதகு திறந்ததும் காரணமாகலாம். ஒரு விளைவுக்குக் காரணம் இரண்டாகும்போது, விளைவை மட்டும் நோக்கித் துணிதல் ஏமாற்றத்தில் முடியும். மோட்டார் வண்டியில் நேரும் இடரும் இதுவே. எஞ்சின் சூடேறியபின் கிளம்ப மறுத்தால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைத்திருக்கலாம். பொறிதரும் காயில் சூட்டால் உள்ளே காப்புக் குலைந்து நலிந்திருக்கலாம். வெளியே தோன்றும் குறி இரண்டுக்கும் ஒன்றே. இரண்டும் ஆறியபின் தாமே சரியாகிவிடும்.

எங்கள் ஊரில் பழைய வாடகை வண்டி ஒன்றைக் கடன்பட்டு வாங்கி ஓட்டிய இளைஞர் ஒருவர் இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டுப் பெரிதும் அல்லலுற்றார். கோடைக்காலத்தில், சிறிது நேரம் நிறுத்திய வண்டி கிளம்பாது. அரைமணி கழித்துக் கிளம்பும். பார்த்தவர் அனைவரும் பெட்ரோல் ஆவியாகிறது என்றனர். ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றச் சொன்னார்கள். சுற்றினார், இருபது நிமிடத்தில் கிளம்பிற்று. மருந்து கிடைத்தது என்று மகிழ்ந்து, பம்பையும் புதிதாக மாற்றினார். தொல்லை நீங்கவில்லை. ஒருநாள் பிற்பகலில், பேறுகால வலி கண்ட பெண்ணொருத்தியையும் அவள் தாயையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றார். வழியில் ரெயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை நிறுத்தினார். ரெயில் கடந்தது, கேட் திறந்தது, வண்டி கிளம்பவில்லை. பின்னே நின்ற லாரிகள் ஒலி எழுப்பின. முன்னிருக்கையில் இவர் சாவியைத் திருப்பித் திருப்பி வியர்த்துக்கொண்டிருக்க, அத்தாய் இறங்கிச் சென்று ஓர் ஆட்டோக்காரரை மன்றாடி அழைத்து வந்தார். குழந்தை நலமாகவே பிறந்தது. ஆனால் அன்று மாலைக்குள் செய்தி தெருவெங்கும் பரவியது. அடுத்த மாதம் அவரை வாடகைக்கு அழைத்தவர் மிகச் சிலரே. கடன் தவணை மட்டும் தவறாமல் வந்தது.

அதன்பின் அவர் செய்த செயல் நல்லது. ஒரு குறிப்பேடு வாங்கி, வண்டி மறுத்த ஒவ்வொரு முறையும் நேரம், வெயில், அதற்குமுன் ஓடிய தொலைவு, நின்றிருந்த நேரம் ஆகியவற்றை எழுதினார். அக்குறிப்பேட்டை யான் பார்த்திருக்கிறேன். காலையில் ஒருமுறைகூட மறுக்கவில்லை. ஒருமணி நேரம் நின்றபின் ஒருமுறைகூட மறுக்கவில்லை. நெடுந்தொலைவு ஓடி, ஐந்து முதல் இருபது நிமிடம் நின்றபின்னரே மறுத்தது. இதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் நின்றதும் விசிறி நிற்கும், நீரோட்டமும் நிற்கும், இரும்பில் தேங்கிய வெப்பம் வெளியேற வழியின்றி, பானெட்டின் கீழ் வெப்பம் சில நிமிடம் ஏறவே செய்யும்.

குறிப்பேட்டின் பயன் மற்றொன்று. ஈரத்துணி சுற்றிய நாளிலும் கிளம்ப இருபது நிமிடம் ஆயிற்று. துணி கிடைக்காத நாளிலும் இருபது நிமிடமே ஆயிற்று. அப்படியாயின் துணி செய்த உதவி யாது? வடநூலார் இதனைக் காகதாலீய நியாயம் என்பர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே அது. வண்டி காலத்தால் ஆறியது. புகழ் துணிக்குப் போயிற்று. பட்டறைகளில் வழங்கும் கைவைத்தியங்கள் பலவும் இவ்வினத்தவை என்பது என் கருத்து.

ஆகவே அவர் அடுத்தமுறை துணியைத் தேடாமல், வண்டி மறுத்த அந்நேரத்திலேயே இரண்டையும் சோதித்தார். மறைநோய்க்கு இதுவே முதல் விதி. நோய் வெளிப்பட்டு நிற்கும் சில நிமிடங்களே நமக்கு வாய்த்த காலம். அப்போது கிளப்புவதிலேயே முனைந்தால் காட்சி கைநழுவும். கார்புரேட்டரின் மிதவை அறையைத் திறந்தார், பெட்ரோல் நிறைந்திருந்தது. அதனை மூடி, சிந்திய துளிகளைத் துடைத்து, ஆவி கலையுமட்டும் காத்திருந்தார். பின்னர்க் காயிலிலிருந்து வரும் தடித்த கம்பியின் நுனியை உலர்ந்த மரக்கவ்வியால் பிடித்து, எஞ்சினின் இரும்பிலிருந்து 6 மில்லிமீட்டர் அளவு விலக்கி வைத்துச் செல்ஃபை இயக்கச் செய்தார். பொறி இல்லை. மாணவர்கள் இதனைத் தாமே செய்தல் கூடாது. அக்கம்பியில் தோன்றும் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட். பெட்ரோல் ஆவியோ காற்றினும் கனமுடையது, தாழ்ந்த இடத்தில் தேங்கி நின்று ஒரு பொறிக்கே தீப்பற்றும். தேர்ந்த பெரியவர் உடனிருந்து செய்யும்போது விலகி நின்று காண்க.

பொறி இல்லை என்பது தெளிந்தது. இனி அஃது எங்கே தடைப்பட்டது என்று காணவேண்டும். காயில் என்பது ஓர் இரும்புத் தண்டின்மேல் சுற்றிய இரு சுருள்கள். டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் மூடும்போது முதற்சுருளில் மின்னோட்டம் பாயும். திறக்கும்போது அது திடீரென அறுபட, இரண்டாம் சுருளில் பேரழுத்தம் தோன்றிப் பொறியாகும். பாயிண்டின் இடைவெளி 0.4 மில்லிமீட்டரை ஒட்டியது. நகத்தின் கனத்தினும் குறைவு. ஒரு சிறு 12 வோல்ட் விளக்கை எடுத்து, காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் முனைக்கும் எஞ்சினின் இரும்புக்கும் இடையே இணைக்க. எஞ்சினைச் சுற்றும்போது விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தால் பாயிண்ட் ஒழுங்காகத் திறந்து மூடுகின்றது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்டின் வழியே மின்னோட்டம் செல்லவில்லை; அழுக்கு, அல்லது அறுந்த கம்பி. எரியவே இல்லையெனில் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது அம்முனைக்கு அப்பால் எங்கோ எர்த்தில் படுகின்றது. ஒரே விளக்கு மூன்று விடை தருகின்றது. விலை மிகச் சிறிது.

அவர் வண்டியில் விளக்கு மினுக்கிற்று. எனவே பாயிண்ட் நன்று. எஞ்சியவை காயிலும் கண்டன்சரும். இவ்விடத்தில் பலரும் இரண்டையும் ஒருங்கே மாற்றிவிடுவர். மாற்றினால் வண்டி சரியாகலாம். ஆயினும் எது கெட்டது என்பது என்றும் தெரியாது. நல்ல பொருளொன்றும் குப்பைக்குப் போகும். அவர் விலை குறைந்த கண்டன்சரை முதலில் மாற்றினார். மறுநாள் நண்பகலில் வண்டி மறுத்தது. பின்னர்க் காயிலை மாற்றினார்; ஒருவாரம் மறுக்கவில்லை. அதனோடு நிறைவடையாமல், எட்டாம் நாள் பழைய காயிலையே மீண்டும் பூட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டிச் சென்று நிறுத்தினார். வண்டி மறுத்தது. அங்கேயே, சூடு ஆறுமுன் புதிய காயிலைப் பூட்டினார். முதற் சுற்றிலேயே கிளம்பிற்று. காரணம் உள்ளவிடத்து விளைவு உண்டு என்பது உடன்பாடு. காரணம் இல்லாதவிடத்து விளைவும் இல்லை என்பது எதிர்மறை. அளவை நூலார் இரண்டையும் வேண்டுவர். அவ்விளைஞர் அளவை நூல் எதுவும் கற்றவரல்லர்.

கெட்டுவரும் காயில் ஓடும்போது தொல்லை தராமல் கிளம்பும்போது மட்டும் தருவது ஏன் என்று சிலர் வினவலாம். செல்ஃப் சுற்றும்போது பாட்டரியின் அழுத்தம் 10 வோல்ட்டளவுக்கு இறங்கிவிடும். நலிந்த காயிலுக்கு ஊட்டமும் குறைகின்றது. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் டைனமோ ஊட்டுவதால் அது ஒருவாறு தாக்குப்பிடிக்கும்.

சூட்டில் மறுப்பது போலவே ஈரத்தில் மறுப்பதும் உண்டு. மழைக்காலத்து விடியலில் டிஸ்டிரிபியூட்டர் மூடியின் உட்புறம் நீராவி படியும். மூடியில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தால் மின்னோட்டம் பிளக்குக்குச் செல்லாமல் அதன் வழியே வழுவிவிடும். இருளில் பானெட்டைத் திறந்து செல்ஃபை இயக்கிப் பார்த்தால் நீலநிறப் பொறிகள் மூடியின்மேல் ஊர்வதைக் காணலாம். உலர்ந்த துணியால் துடைத்தால் அன்றைக்குப் போதும். வெடித்த மூடியை மாற்றியே தீரவேண்டும்.

பெட்ரோல் வழியில் நேர்வன சிலவே. தொட்டியின் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெறுமை தோன்றிப் பம்பு இழுக்க மாட்டாது போகும். வண்டி சில கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உட்புகும் ஓசை கேட்டால் நோய் வெளிப்பட்டுவிட்டது. அன்றியும், 2025-ஆம் ஆண்டளவில் நம் நாட்டுப் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை வந்தது. பழைய ரப்பர்க் குழாய்கள் அதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. அவை உட்புறம் நைந்து துகள் உதிர்த்தால், அத்துகள் கார்புரேட்டரின் சிறு துளையில் ஒருநாள் அடைக்கும், ஒருநாள் விலகும்.

கண்டுபிடித்தற்கு எல்லாவற்றினும் அரியது டிஸ்டிரிபியூட்டருக்குள் கிடக்கும் ஒரு சாண் நீளமும் இல்லாத சிறு கம்பி. பாயிண்ட் அமர்ந்திருக்கும் தட்டு, எஞ்சினின் இழுப்புக்கேற்பச் சிறிது திரும்பும். அதனோடு அக்கம்பியும் ஓயாது வளைந்து நிமிரும். பல ஆண்டுகளில் உள்ளிருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். மேலுறை மட்டும் முழுமையாக நிற்கும். பார்வைக்குப் புதிதுபோல் தோன்றும். தட்டு ஒருபுறம் திரும்பினால் அறுந்த முனைகள் தொடும். மறுபுறம் திரும்பினால் விலகும். சோதனை விளக்கை இணைத்துவிட்டு, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் தட்டை விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தால், அணைந்திருக்க வேண்டிய விளக்கு ஒரு கணம் எரிந்து காட்டிக்கொடுக்கும். அதனை மாற்றும்போது கடையில் கிடைக்கும் கட்டைக் கம்பியை இடாமல், மெல்லிய இழைகள் பல திரித்த இளகிய கம்பியையே இடுதல் வேண்டும். கட்டைக் கம்பி சில மாதங்களில் அறுந்து, வண்டி மீண்டும் பழையபடி ஒருநாள் கிளம்பும், ஒருநாள் கிளம்பாது.